நியாய விலை

பிள்ளையார்பாளையத்துப் பட்டு நெசவாளர் ஒருவரிடம் பழைய புல்லட் ஒன்றை வாங்கினோம். சென்னையில் உருவாகிவரும் வண்டிவகை அது. தறி சில மாதங்களாக ஓடவில்லை என்று அவர் சொன்னதுமே, கேட்ட விலைக்குத் தருவார் என நம் மனம் கணக்கிட்டுவிட்டது. குறைத்துக் கேட்டோம், தந்தார்.

வீட்டில் மண்ணெண்ணெய் தொட்டுத் துருவைத் துடைத்தோம், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினோம், செயினுக்கு எண்ணெயிட்டோம். கருவிப் பெட்டியைத் திறந்தபோது சரிகை நூல் துண்டொன்று கிடந்தது. அவர் நெய்த சேலைகளைச் சுமந்த வண்டியல்லவா இது! மனம் உறுத்தியது.

விற்பவர் மட்டுமன்று, வாங்குபவரும் அநீதி இழைக்கக்கூடும். பொருளை அதன் மதிப்பிற்குக் குறைவாக வாங்குவதும் நீதியன்று எனப் புனித தாமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார். அவரும் சம்மதித்தாரே என நாம் வாதிடலாம். ஆனால் நெருக்கடியில் தரும் சம்மதம் முழுச் சம்மதமாகுமா? வண்டியின் குறைகளுக்காக விலையைக் குறைப்பது நியாயம். மனிதரின் வறுமைக்காகக் குறைப்பது எப்படி நியாயமாகும்?

பெயர் மாற்றப் படிவத்தில் அவர் கையொப்பம் பெறச் சென்றபோது, குறைத்த தொகையையும் எடுத்துச் சென்றோம். எதற்கு என்று கேட்டார். உதவி என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. பாக்கி என்றோம்.