ஓடி முடித்த பின் வந்த விதி

2006 டிசம்பரில் தோகாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், பெண்கள் 800 மீட்டர் இறுதி ஓட்டத்தில் சாந்தி சௌந்தரராஜன் இரண்டாவதாக வந்தார். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி அவர் ஊர். பெற்றோர் செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்தவர்கள். 2 நிமிடம் 3.16 வினாடியில் ஓடி, கஜகஸ்தான் வீராங்கனை விக்டோரியா யலோவ்த்சேவாவை மயிரிழையில் முந்தி வெள்ளி வென்றார். சில நாட்களில் அவரைப் பாலினப் பரிசோதனைக்கு உட்படுத்தினார்கள், தேறவில்லை என்றார்கள், பதக்கத்தைப் பறித்தார்கள். முடிவு ஊடகங்களுக்குக் கசிந்தது. அவர் ஓட்டத்தைப் பேசியிருக்க வேண்டிய நாடு, அவர் உடலைப் பேசியது.

பெண்கள் பிரிவில் யார் போட்டியிடலாம் என்ற கேள்வி இன்று உலகெங்கும் சூடாக விவாதிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் அதைப் பேசுகிற எவரும் சாந்தியைத் தாண்டிப் போய்விட முடியாது. அவர் திருநங்கை அல்லர். பெண்ணாகப் பிறந்ததாகப் பதிவாகி, பெண்ணாக வளர்ந்தவர். இருந்தாலும் திருநங்கைகள் பற்றிய கேள்வியையும் சாந்தி போன்றவர்கள் பற்றிய கேள்வியையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதே வழக்கமாகிவிட்டது. இரண்டையும் தனித்தனியே எடைபோட்டால்தான் நியாயம் எந்தப் பக்கம் என்று தெரியும்.

முதலில் பெண்கள் பிரிவு எதற்கு இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். மதுரைக்குக் கிழக்கே சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணி சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். காலணிகூட இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தவரைப் பயிற்சியாளர் கண்ணன் கண்டெடுத்தார். லேடி டோக் கல்லூரி, ரயில்வே வேலை, தேசிய முகாம் என்று வளர்ந்து, 2021 ஜூலையில் பாட்டியாலா தகுதி ஓட்டத்தில் 400 மீட்டரை 53.55 வினாடியில் முடித்து, டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்ட அணியில் இடம்பிடித்தார். ஆண்களில் அப்போது இந்தியாவின் தேசியச் சாதனையாக இருந்தது முகமது அனஸ் 2019இல் ஓடிய 45.21. மாவட்ட அளவில் ஓடும் கல்லூரி மாணவர்கள் பலருக்கு 53 வினாடி எட்டக்கூடிய நேரம்தான். ஆணும் பெண்ணும் ஒரே வரிசையில் நின்று ஓடுகிற ஏற்பாடு மட்டும் இருந்திருந்தால், ரேவதியை மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில்கூட யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். பாட்டியின் பிடிவாதமும் கோச்சின் கண்ணும் அங்கேயே வீணாகியிருக்கும்.

உலகச் சாதனைகளிலும் இதே இடைவெளிதான். 800 மீட்டரில் கென்யாவின் டேவிட் ருடிஷா 2012இல் ஓடியது 1:40.91. பெண்களில் செக்கோஸ்லோவாகியாவின் ஜர்மிலா கிராடோச்விலோவா 1983இல் ஓடிய 1:53.28ஐ இத்தனை ஆண்டுகளாக எவரும் முறியடிக்கவில்லை. இடைவெளி ஏறத்தாழ 12 சதவீதம். பருவ வயதுக்கு முன் ஆண் பெண் குழந்தைகளிடையே வேக வேறுபாடு சொற்பம். பருவத்தில் டெஸ்டோஸ்டிரோன் பெருகும்போது ஆண் உடலில் தசையும் எலும்பும் இதயமும் ஹீமோகுளோபினும் வேறு அளவுக்குப் போய்விடுகின்றன. முயற்சியால் எட்ட முடியாத இந்த வித்தியாசம்தான் பெண்கள் பிரிவை உண்டாக்கியது. அதற்கு ஒரு வேலி தேவை என்று சொல்வது குறுகிய மனம் ஆகாது. வேலியே வேண்டாம் என்றால் முதலில் காணாமல் போகிறவர்கள் ரேவதி போன்ற பெண்கள்தான்.

இதை மறுக்க அடிக்கடி ஒரு வாதம் வரும். மைக்கேல் பெல்ப்ஸுக்கு நீண்ட கைகள் இல்லையா? பின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மன்டிரன்டாவுக்குப் பிறவியிலேயே ரத்தச் சிவப்பணுக்கள் மிகுதி இல்லையா? இயற்கை கொடுத்த சாதகம் எல்லாருக்கும் ஏதோ ஒரு விதத்தில் இருக்கிறதே என்பார்கள். வாதம் கவர்ச்சியானது, ஆனால் பாதி தூரம்தான் போகும். நீண்ட கைக்காரர்களுக்குத் தனிப் பிரிவு யாரும் வைக்கவில்லை. வயதுக்கும் எடைக்கும் பாலுக்கும் வைத்திருக்கிறோம். பால் வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காவிட்டால் மனித இனத்தில் பாதிப் பேர் பரிசு மேடைக்கே வர முடியாது. கைநீளத்தால் அப்படியொரு கூட்டம் வெளியே தள்ளப்படுவதில்லை.

ஆகவே ஆண் பருவத்தைக் கடந்த பின் பெண்ணாக வாழத் தொடங்கிய திருநங்கைகள் சர்வதேசப் பெண்கள் தடகளத்தில் ஓடலாமா என்ற கேள்விக்கு, வேகமும் வலிமையும் தீர்மானிக்கிற போட்டிகளில் கட்டுப்பாடு தேவை என்பதே இந்தக் கட்டுரையின் முடிவு. ஹார்மோன் சிகிச்சையில் ஹீமோகுளோபின் சில மாதங்களில் பெண்களின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. தசை வலிமையோ ஓராண்டுக்குப் பிறகும் பெருமளவு நிற்கிறது. உயரம் மாறுவதேயில்லை. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை விளையாட்டு வீரர்களை வைத்துச் செய்யப்பட்டவை அல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நியூசிலாந்தின் பளுதூக்கும் திருநங்கை லாரல் ஹப்பார்ட் டோக்கியோவில் ஒரு முயற்சியில்கூடத் தேறவில்லை. சாதகமே இல்லை என்று அதிலிருந்து முடிவுகட்டவும் முடியாது. உலக நீச்சல் அமைப்பு 2022 ஜூனிலும் உலகத் தடகள அமைப்பு 2023 மார்ச்சிலும் கதவை அடைத்தன. அந்த முடிவில் ஒரு நியாயம் இருக்கிறது. கதவை அடைத்த கையோடு வேறு வழி திறந்தோமா என்றால் அங்கேதான் குறை. 2023 அக்டோபரில் பெர்லின் உலகக் கோப்பை நீச்சலில் எல்லாருக்குமான திறந்த பிரிவு என்று அறிவித்தார்கள். ஒருவர்கூடப் பெயர் கொடுக்கவில்லை. உலகமே உற்றுப் பார்க்கிற இடத்தில் தன்னந்தனியாக வந்து நில் என்றால் யார் வருவார்கள்?

சாந்தியின் கதை வேறு. அவர் எந்தக் கோட்டையும் தாண்டி வந்தவர் அல்லர். பால் சார்ந்த உடற்கூறில் பிறவி வேறுபாடு கொண்ட இடைபாலினராகப் பிறக்கிற பெண்களில் பலருக்குத் தங்கள் குரோமோசோம் என்ன என்பது வாழ்நாள் முழுக்கத் தெரியாமலே போகலாம். ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹொசே மார்டினெஸ் பட்டினோ 1985இல் கோபே நகரப் பல்கலைக்கழகப் போட்டியில்தான் அதை அறிந்தார். செய்தி பத்திரிகைக்குப் போனது, உதவித்தொகை போனது. மூன்று ஆண்டு போராடி 1988இல் மீண்டும் ஓடும் உரிமை பெற்றார்: அவர் உடல் டெஸ்டோஸ்டிரோனை ஏற்றுக்கொள்ளாத உடல், அதனால் அவருக்குச் சாதகம் ஏதும் கிடைக்கவில்லை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் சோதிக்கப்பட்ட 3,387 பெண்களில் 8 பேர் தேறவில்லை. அந்த எட்டுப் பேரையும் போட்டியிட விட்டார்கள். ஒலிம்பிக் குழு 1999இல் கட்டாயப் பரிசோதனையைக் கைவிட்டது.

இதெல்லாம் தெரிந்த பிறகுதான் 2006 வந்தது. அந்த ஆண்டு சர்வதேசத் தடகள அமைப்பின் கொள்கையில் கட்டாயப் பரிசோதனை கிடையாது. சந்தேகம் எழுந்தால் பல துறை மருத்துவர்கள் குழுவாகப் பார்க்க வேண்டும். சில உடல்நிலை உள்ள பெண்கள் தடையின்றிப் போட்டியிடலாம் என்று அதிலேயே எழுதியிருந்தது. இவ்வளவு அளவு டெஸ்டோஸ்டிரோன் வரை சரி, அதற்கு மேல் கூடாது என்ற எல்லை அப்போது இல்லவே இல்லை. அது 2011இல்தான் வந்தது. சாந்தி எந்த எல்லையை மீறினார் என்று அன்று யாராலும் எண்ணாகச் சொல்லியிருக்க முடியாது. அவர் ஓடிய நேரமும் பெண்கள் உலகத்துக்கு அப்பாற்பட்டதாக இல்லை. ஷைனி வில்சன் 1995இல் ஓடிய 1:59.85 அதைவிட மூன்று வினாடிக்கு மேல் வேகம். போட்டி முடிவு மட்டுமே தீர்ப்பாகிவிடாது என்று ஹப்பார்டுக்குச் சொன்னது சாந்திக்கும் பொருந்தும். ஆனால் குற்றம் சாட்டியவர்கள்தான் சாதகத்தை நிரூபித்திருக்க வேண்டும். அவர்கள் நிரூபிக்கவில்லை.

மூன்று ஆண்டுக்குப் பின், 2009 ஆகஸ்டில், தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா பெர்லினில் இதே 800 மீட்டரில் உலகத் தங்கம் வென்றார். வயது 18. அவர் மீதும் இதே சந்தேகம், இதே பரிசோதனை. தென்னாப்பிரிக்க அரசும் மக்களும் அவர் பின்னால் நின்றார்கள். தங்கம் அவரிடமே இருந்தது. 2010இல் மீண்டும் ஓடினார். ஒடிசாவின் துத்தி சந்த் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்குச் சற்று முன் நீக்கப்பட்டபோது இந்திய அரசே அவருக்குத் துணை நின்று சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போக வைத்தது. 2015 ஜூலையில் அந்த மன்றம் டெஸ்டோஸ்டிரோன் எல்லை விதியை நிறுத்திவைத்தது. 2018 ஜகார்த்தாவில் துத்தி இரண்டு ஆசிய வெள்ளிகள் வென்றார். சாந்திக்காக 2006இல் அப்படி எவரும் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. ஆங்கிலம் தெரியாத, தலித் குடும்பத்துக் கிராமத்துப் பெண்ணுக்கு என்ன உரிமை இருக்கிறது என்று எடுத்துச் சொல்லவும் அதிகாரிகளில் ஆள் இல்லை. ஒரே வகை வழக்குக்கு, ஆள் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து மூன்று முடிவு வந்தால், அங்கே நடந்ததை விதி என்று அழைக்கக் கூடாது.

தமிழ்நாடு அரசு அவருக்கு 15 லட்சம் ரூபாய் கொடுத்தது. அது பெரிய மனம்தான். சாந்தி அந்தப் பணத்தைக் கொண்டு பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி அளித்தார். பிறகு நிலைமை நொடிந்து, 2012இல் 200 ரூபாய்க் கூலிக்குச் செங்கல் சூளையில் நின்றார். இடையில் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றிருக்கிறார். அதன் பின் பெங்களூரில் பயிற்சியாளர் படிப்பை முடித்து, தமிழ்நாட்டில் அரசுப் பயிற்சியாளராக வேலைக்கு வந்தார். விழுந்த இடத்திலிருந்து அவரே எழுந்தார்.

இப்போது விதி மறுபடி மாறியிருக்கிறது. 2025 செப்டம்பர் 1 முதல் உலகத் தடகள அமைப்பின் உலகத் தரவரிசைப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட, ஆண் உடல் வளர்ச்சியைத் தொடங்கிவைக்கும் எஸ்.ஆர்.ஒய். மரபணுவுக்கான பரிசோதனை வாழ்நாளில் ஒருமுறை தேவை. கன்னத்தின் உள்பக்கத்தைப் பஞ்சால் துடைத்து எடுத்தால் போதும். இதில் ஒரு நன்மை உண்டு. முன்பெல்லாம் கறுத்த, ஒல்லியான, முடியைக் குட்டையாக வெட்டிய பெண்ணைப் பார்த்துத்தான் சந்தேகம் எழும். இப்போது எல்லாருக்கும் ஒரே அளவுகோல். டெஸ்டோஸ்டிரோனை முற்றிலும் ஏற்காத உடல் கொண்டவர்களுக்கு விலக்கும் உண்டு. ஆனால் 1990இல் அந்த மரபணுவைக் கண்டறிந்த ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஆண்ட்ரூ சின்க்ளேரே இந்தப் பயன்பாட்டை எதிர்க்கிறார். மரபணு இருக்கிறதா இல்லையா என்பதைத்தான் சோதனை காட்டும். அது உடலில் எப்படி வேலை செய்தது என்பதைக் காட்டாது என்கிறார். அடைக்க வேண்டிய ஓட்டை எவ்வளவு பெரியது, அதற்கு எத்தனை பெண்களின் அந்தரங்கத்தை விலையாகக் கொடுப்பது என்ற கணக்கு இன்னும் முடியவில்லை. 2013இல் பிரெஞ்சு மருத்துவர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை அந்த விலையைக் காட்டுகிறது: வளரும் நாடுகளிலிருந்து வந்த நான்கு இளம் வீராங்கனைகளுக்கு, போட்டியில் நீடிப்பதற்காக அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. அவர்கள் உடலில் ஆபத்தான நோய் எதுவும் இருக்கவில்லை.

இந்த இடத்தில் மதுரைக்குப் பெருமைப்பட ஒன்று இருக்கிறது. 2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிவு செய்ய உத்தரவிட்டார். அதே தீர்ப்பில், இடைபாலினக் குழந்தைகளுக்கு அவர்கள் சம்மதமின்றி ஆண் பெண் என்று முடிவுகட்டும் அறுவை சிகிச்சை செய்யக் கூடாது என்றும் சொன்னார். அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே தமிழ்நாடு அரசு தடையாணை போட்டது. பிறந்த குழந்தையின் உடலைத் தொடுவதற்கே சம்மதம் வேண்டும் என்று மதுரைக் கிளையில் தீர்ப்பு எழுதிய மாநிலத்தில், ஓடுகிற பெண்ணின் உடல் குறித்து அவளைக் கேட்காமல் பேசுவது எப்படிச் சரியாகும்?

மதுரை அருகே பரவையில் ஒரு பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம் இந்தக் கேள்வி வந்தால் அவர் என்ன செய்ய வேண்டும்? வைகைக் கரையிலிருந்து வட்டப் போட்டிக்கும் மாவட்டப் போட்டிக்கும் பிள்ளைகளை வேனில் ஏற்றிப் போகிற ஆசிரியருக்கு, ஓடுகிற எந்தப் பிள்ளையின் உடலையும் ஆராய்கிற வேலை இல்லை. தோற்ற பிள்ளையின் பெற்றோர் வந்து "அது பொண்ணுதானா சார்?" என்று கேட்டால், பேச்சை அங்கேயே நிறுத்துவதுதான் அவர் கடமை. வட்டார அளவில் ஒரு திருநங்கை மாணவி விளையாட வந்தால் சேர்த்துக்கொள்வதே முறை. 2022இல் கேரள உயர் நீதிமன்றம் ஜூடோ விளையாட வந்த ஒரு திருநங்கையின் வழக்கில், தனி ஏற்பாடு இல்லாவிட்டால் அவர் விரும்பிய பெண்கள் பிரிவிலேயே அனுமதிக்கச் சொன்னது. ஜூடோ போல உடல் மோதுகிற ஆட்டத்தில் எதிராளியின் பாதுகாப்பையும் பார்க்க வேண்டும்தான். எடைப் பிரிவும் பயிற்சியாளரின் கண்ணும் பெரும்பாலும் அதற்குப் போதும். திருநங்கைப் பிள்ளைகளில் பலர் பள்ளிக்கூடத்தையே பாதியில் விட்டு வெளியேற நேர்ந்தவர்கள். மைதானத்துக்கு ஒருத்தி வருகிறாள் என்றால், வீட்டையும் தெருவையும் எதிர்த்து வந்திருக்கிறாள் என்று பொருள்.

மேலே போகப் போக, தேர்வும் ஒதுக்கீட்டு வேலையும் பதக்கமும் ஓர் இடத்தைப் பொறுத்து நிற்கும்போது, வேலி இறுகுவதை ஏற்கலாம். அந்த வேலி போட்டிக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். பரிசோதனை முடிவு வீராங்கனை நம்புகிற மருத்துவர் வழியாக அவளுக்கு மட்டும் போக வேண்டும்; சங்கச் செயலாளர் வாயால் அவள் அதைக் கேட்கக் கூடாது. அதுவரை வென்ற பதக்கமும் பெற்ற வேலையும் அவளுடையவையாகவே இருக்க வேண்டும். செமன்யா பின்னாளில் டெஸ்டோஸ்டிரோன் விதியை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு 2025 ஜூலையில் அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்றுதான் தீர்ப்பளித்தது. விதி சரியா தவறா என்று அது முடிவு சொல்லவில்லை. சரியான விதியாகவே இருந்தாலும் விசாரணை ஒழுங்காக நடந்தாக வேண்டும் என்பது அதிலிருந்து தெளிவாகிறது.

சாந்திக்கு விசாரணையும் இல்லை, மேல்முறையீடும் இல்லை. பதக்கம் இன்றுவரை திரும்பவில்லை. திருப்பித் தருவதற்காக யலோவ்த்சேவாவிடமிருந்து எதையும் பிடுங்க வேண்டியதில்லை. அவரும் நேர்மையாக ஓடியவர். 1912 ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் ஜிம் தோர்ப் வென்று, பின் பறிக்கப்பட்ட பட்டங்களை 1982இல் ஒலிம்பிக் குழு திருப்பித் தந்தபோது, இடையில் அவற்றைப் பெற்றவர்களிடமிருந்து பறிக்கவில்லை. இணைச் சாம்பியன்கள் என்று அறிவித்தது. 70 ஆண்டு கழித்து அமெரிக்கருக்குச் செய்ய முடிந்தது, 20 ஆண்டு கழித்து ஒரு தமிழ்ப் பெண்ணுக்குச் செய்ய முடியாதா? இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைமைக்கு 2022 டிசம்பரில் வந்தவர் பி.டி. உஷா, வினாடியின் நூறில் ஒரு பங்கில் ஒலிம்பிக் பதக்கத்தைத் தவறவிட்டவர். தோகாவுக்கு இருபதாம் ஆண்டான 2026இல் ஆசியப் போட்டி நகோயாவில். ஆசிய ஒலிம்பிக் குழுவிடம் சாந்திக்கு இணை வெள்ளி கேட்டு இந்தியச் சங்கம் எழுத வேண்டும். அதை எழுதச் சொல்லித் தமிழ்நாடு அரசு கேட்க வேண்டும்.