கப்பலைக் கூரையாக்கியவர்கள்

சீடன்: ஐயா, ‘ஸ்கைரிம்’ விளையாட்டில் நோர்டு மக்களின் பூர்வகதை எனக்குப் பிடிபடவில்லை. வடகடலுக்கு அப்பாலுள்ள அட்மோராவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் என்கிறது ஒரு கதை. உலகின் தொண்டை எனப்படும் மலைமீது வானம் மூச்சுவிட, அந்த மூச்சிலேயே உருவானவர்கள் என்கிறது இன்னொன்று. வந்தவர்களா, அங்கேயே பிறந்தவர்களா?

குரு: ஒயிட்ரன் நகரில் ஜோர்வாஸ்கர் மண்டபத்தைப் பார்த்திருப்பாயே, அதன் கூரை எது?

சீடன்: கவிழ்த்து வைத்த கப்பல்.

குரு: வந்ததற்கு அதுவே சாட்சி. ஆனால் வந்தோம் என்று சொன்ன மாத்திரத்தில், ‘அதற்கு முன் இங்கே யார் இருந்தார்கள்?’ என்ற கேள்வி எழும். வானத்தின் பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

சீடன்: பனி எல்ஃப்கள் இருந்தார்கள். ஆனாலும் முதலில் கொன்றவர்கள் அவர்கள்தானே? நோர்டுகள் கட்டிய சார்தால் நகரை ஒரே இரவில் அழித்தார்கள். நோர்டுத் தலைவர் இஸ்கிராமோரும் அவருடைய இரு மகன்களும் மட்டுமே தப்பி அட்மோராவுக்கு ஓடினார்கள். பிறகு 500 தோழர்களோடு திரும்பி வந்து பழிதீர்த்தார்கள்.

குரு: ‘கண்ணீர் இரவு’ எனப்படும் அந்த இரவில் மாண்டவர்களின் துயரத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். எல்ஃப்கள் ஏன் தாக்கினார்களாம்?

சீடன்: மனிதர்கள் பெருகுவதைக் கண்டு அஞ்சினார்களாம்.

குரு: வின்டர்ஹோல்டு மாயக் கல்லூரியில் சேர்ந்து சார்தாலின் இடிபாட்டுக்குள் இறங்கினாய் அல்லவா? அங்கே என்ன கண்டாய்?

சீடன்: ஒளிரும் பெரிய கோளம், மேக்னஸின் கண்... ஐயா, அதற்காகத்தான் போர் மூண்டதா?

குரு: இருக்கலாம் என்று விளையாட்டுக்குள் கிடைக்கும் ஒரு நூலே ஐயப்படுகிறது. உறுதியாகச் சொல்ல எல்ஃப் தரப்பு ஏடு வேண்டும், அது நமக்குக் கிடைப்பதில்லை. மனிதர்களின் முதல் வரலாற்றாசிரியர் யார் தெரியுமா? அதே இஸ்கிராமோர். எல்ஃப்களின் எழுத்துமுறையைத் தழுவித்தான் அவர் தம் மொழிக்கு எழுத்து அமைத்தார் என்பது மரபு. யாரை ஒழித்தாரோ, அவர்களிடம் கற்ற எழுத்திலேயே அந்தக் கதை பதிவாயிற்று. எனக்கு இதைவிடக் கொடியதாக ஒன்றும் தோன்றவில்லை.

சீடன்: எஞ்சிய எல்ஃப்கள்?

குரு: நிலத்தடியில் வாழ்ந்த ட்வெமர்களிடம் அடைக்கலம் கேட்டார்கள். அதற்கு விலையாக ட்வெமர்கள் அவர்களை நச்சுக் காளானைத் தின்ன வைத்தார்கள். கண்பார்வை போயிற்று, அடிமைகளானார்கள். தலைமுறைகள் கழிய உருவமும் மாறியது.

சீடன்: குகைக்குள் கண்ணில்லாமல் பாய்ந்துவரும் ஃபால்மர்கள்! நூற்றுக்கணக்கில் வெட்டியிருக்கிறேன். அவர்கள் பையில் என்ன இருக்கிறது என்று மட்டுமே பார்த்தேன்.

குரு: அவர்களுக்கு வேறு பெயரும் உண்டு. 2012இல் வந்த ‘டான்கார்டு’ விரிவாக்கத்தில், மாறாத ஒரு பனி எல்ஃபைச் சந்திக்கலாம். அவர் பெயர் கெலபோர். நாம் ஃபால்மர் என்பவர்களை அவர் ‘வஞ்சிக்கப்பட்டவர்கள்’ என்கிறார்.

சீடன்: அவரை எங்கே பார்ப்பது?

குரு: டார்க்ஃபால் குகையின் ஆழத்தில், ஒரு சிறு கோயிலைக் காத்து நிற்கிறார். விரைவாகப் பொத்தானை அழுத்திக் கடந்துவிடாதே. அவர் பேசி முடிக்கும்வரை கேள்.