விடுபட்ட வரிக்கு யார் பொறுப்பு?

படையை விட்டு விலகி நெடுங்காலமான ஒருவர், தமது சேவைப் பதிவேட்டில் பிழை இருக்கிறது, உரிய பதக்கமும் கைக்கு வந்து சேரவில்லை என்று முறையிடுகிறார். வயது எண்பதை நெருங்குகிறது. உடன் நின்றவர்களில் பலர் இன்று இல்லை. அவர் கையில் இருப்பது மடிப்பெல்லாம் கிழிந்த ஒரு விலகற் சான்றிதழும் சொந்த நினைவும் மட்டுமே. இவருக்கு அரசு எதைக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறது? முதியவர் என்ற இரக்கத்தையா, விதியைச் சற்றுத் தளர்த்தும் சலுகையையா, மறுக்க முடியாத உரிமையையா? இந்த மூன்றில் எது என்று முடிவு செய்யாதவரை இப்படிப்பட்ட விண்ணப்பங்கள் மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டுதான் இருக்கும்.

மாத்தளை மாவட்டத்துக்கு இது தொலைவான கேள்வி அல்ல. 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைக் கண்ட ஊர் மாத்தளை. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை சீகிரியாவில் ஓடுபாதை அமைத்தது. பிந்திய முப்பதாண்டுப் போரில் நாவுல, கலேவெல, தம்புள்ளைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து இளைஞர்கள் படையில் சேர்ந்தார்கள். மாத்தளை அலுவிகாரைக் குடும்பத்தவரான சர் ரிச்சர்ட் அலுவிகாரை, முதலாம் உலகப் போரில் பிரித்தானியப் படையில் சேர்ந்து போரிட்டவர். பின்னர் இலங்கையரில் முதலாவது பொலிஸ் மா அதிபரானார். அவர் போருக்குப் போனதை நிலைநாட்ட எந்தக் காரியாலயத்துக்கும் எவரும் அலைய வேண்டியதில்லை. உயர்ந்த பதவி அவருடைய இளமைக்கால வரலாற்றையும் சேர்த்தே காப்பாற்றிவிட்டது. பதவியும் பட்டமும் இல்லாமல் ஊர் திரும்பிய சிப்பாய்க்கு அந்த வசதி கிடையாது. அவருக்கு இருப்பது பதிவேடு ஒன்றுதான். அதனால், பதிவேடு சரியாக இருப்பது பெரியவர்களைவிடச் சாதாரணமானவர்களுக்கே அதிகம் தேவை.

அந்தப் பதிவேட்டில் என்ன இருக்கும்? இலக்கம், பெயர், பிறந்த திகதி, சேர்ந்த நாள், படையணி, இடமாற்றங்கள், காயம், தண்டனை, விலகிய நாள், விலகிய காரணம், பெற்ற பதக்கங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பிழை நுழைய வழி உண்டு. சிங்களப் பெயரின் ‘கே’ என முடியும் முன்பெயரும், முஸ்லிம் பெயரின் பலவகை எழுத்துக்கூட்டலும், தமிழ்ப் பெயரில் தகப்பன் பெயரின் முதலெழுத்தும் ஆங்கிலத்தில் பதியப்படும்போது ஒரே மனிதர் இரண்டு பேராகிவிட முடியும். படையணிகளே கலைக்கப்படுவதும் இணைக்கப்படுவதும் உண்டு. ரஜரட்ட ரைபிள்ஸ் படையணியும் விஜயபாகு காலாட்படைப் படையணியும் 1983இல் ஒன்றாக்கப்பட்டுக் கஜபா படையணி உருவானது. ஒரு பெயரில் சேர்ந்தவர் இன்னொரு பெயரில் விலகினார். இந்த மாற்றத்தின்போது ஒரு தாள் இடம் மாறியிருந்தால், அதற்கும் அந்தச் சிப்பாய்க்கும் என்ன தொடர்பு? காயப்பட்டு வைத்தியசாலையில் கிடந்தவரின் பெயர் முகாமின் வரவுப் பட்டியலில் ‘சமுகமில்லை’ என்று விழுந்துவிட்டால், அந்த ஒரு சொல் அவரை ஆயுள் முழுக்கத் தப்பியோடியவராக்கிவிடும்.

பிழை வெறும் எழுத்தோடு நிற்பதுமில்லை. சேவைக்கால எண்ணிக்கையில்தான் ஓய்வூதியம் தங்கியிருக்கிறது. போரில் அவயவம் இழந்து, பன்னிரண்டு ஆண்டுச் சேவை நிறையுமுன் விலக்கப்பட்ட படையினர், முழு ஓய்வூதியம் கேட்டு 2017இல் கொழும்பு கோட்டையில் போராட்டம் நடத்தினார்கள். ஆண்டுக் கணக்கு ஒரு வீட்டின் அடுப்பை எப்படித் தொடுகிறது என்பதை நாடு அப்போது நேரில் கண்டது.

பதக்கத்தின் கதை வேறு. முதலாம் உலகப் போருக்காகப் பிரித்தானிய அரசு வழங்கிய வெள்ளிப் பதக்கத்தைக் கையில் எடுத்து அதன் விளிம்பைப் பார்த்தால், பெற்றவரின் இலக்கம், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படையினருக்கு வழங்கப்பட்ட நட்சத்திரப் பதக்கங்களைத் திருப்பிப் பார்த்தால் பின்புறம் வெறுமை, பெயரே கிடையாது. அவற்றை விண்ணப்பித்தே பெறவும் வேண்டியிருந்தது. விண்ணப்பிக்கத் தெரியாதவருக்குப் பதக்கம் போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்ததும் தன் உரிமையாளர் யாரென்று சொல்லாது. உலோகம் பேசாத இடத்தில் தாள் பேச வேண்டும். தாளும் பேசாவிட்டால் யார் பேசுவது?

திருத்தத்துக்கு எதிரான வாதங்களையும் நேர்மையாக எடை போட வேண்டும். முதலாவது, மோசடி. செய்யாத வீரத்துக்குப் பதக்கம் அணிபவர், செய்தவருடைய பதக்கத்தையும் மலினப்படுத்துகிறார். சான்று கேட்பது கொடுமை அல்ல. உண்மையான வீரருக்குக் காவலும் அதுதான். இரண்டாவது, காலம். அரை நூற்றாண்டுக்குப் பிந்திய நினைவு தன்னையறியாமலே வளரும், சுருங்கும், பிறர் கதையோடு கலக்கும். மூன்றாவது, இலங்கைக்கே உரிய கனமான வாதம். இங்கே நடந்த போர் எல்லோருக்கும் ஒரே போராக இருக்கவில்லை. பிள்ளையைத் தேடித் தெருவில் நிற்கும் தாய்மார் இருக்கும் நாட்டில், சிப்பாயின் பதக்கத்துக்காக யார் கவலைப்பட வேண்டும் என்று ஒரு தமிழ் வாசகர் கேட்டால், அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது.

காலம் என்ற வாதத்தை இலங்கை அரசே பலமிழக்கச் செய்துவிட்டது. 1818ஆம் ஆண்டு ஊவா வெல்லச கிளர்ச்சியில் இணைந்தவர்களைப் பிரித்தானிய ஆட்சி துரோகிகள் என்று பிரகடனம் செய்தது. மாத்தளையோடு குடும்பத் தொடர்புள்ள மொனரவில கெப்பெட்டிபொல அவர்களில் முதன்மையானவர். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்டு, மனம் மாறி மக்களோடு சேர்ந்தவர். அந்த ஆண்டு நவம்பரில் அவரது தலை துண்டிக்கப்பட்டது. அந்தத் துரோகிப் பிரகடனத்தை 2016 டிசம்பரில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன இரத்துச் செய்தார். 198 ஆண்டுகளுக்குப் பிறகு, சாட்சி ஒருவர்கூட உயிரோடில்லாத நிலையில், ஒரு பதிவைத் திருத்தலாம் என்று அரசு ஏற்றுக்கொண்டது. அது சரியான செயல். ஆனால் அதற்குப் பிறகு, உயிரோடிருக்கும் ஒரு முதியவரைப் பார்த்து ‘காலம் கடந்துவிட்டது’ என்று சொல்லும் தகுதி எந்தக் காரியாலயத்துக்கும் இல்லை.

மோசடிக்கு அஞ்சிச் சான்று கேட்கும் முதலாவது வாதத்தில்தான் விடயத்தின் மையம் இருக்கிறது. பதிவேட்டை எழுதியவர் யார்? பூட்டி வைத்தவர் யார்? இரண்டுமே அரசு. சிப்பாய் தன் கோப்பைத் தானே எழுதியதில்லை, பெரும்பாலும் பார்த்ததுமில்லை. எழுதுகோலும் அலுமாரியும் ஒரு தரப்பிடம் மட்டும் இருக்கும்போது, விடுபட்ட வரிக்கு மறுதரப்பைச் சான்று கொண்டுவரச் சொல்வது, அடகுக் கடையில் நகை தொலைந்ததற்கு அடகு வைத்தவரிடமே அதைத் தேடித் தரச் சொல்வதற்கு ஒப்பாகும்.

இந்த நியாயத்தை ஏற்று நடந்த நாடுகள் உண்டு. அமெரிக்காவின் சென்ட் லூயிஸ் நகரிலுள்ள படையினர் ஆவணக் களஞ்சியத்தில் 1973 ஜூலையில் மூண்ட தீயில் 160 முதல் 180 இலட்சம் கோப்புகள் அழிந்தன. கோப்பில்லாதவர்கள் சேவையே செய்யவில்லை என்று யாரும் முடிவு கட்டவில்லை. சம்பளப் பற்றுச்சீட்டு, வைத்தியசாலை அனுமதிக் குறிப்பு போன்ற வேறு தாள்களைக் கொண்டு சேவை விபரத்தை மீளக் கட்டியெழுப்பும் வேலையைக் களஞ்சியமே ஏற்றுக்கொண்டது. அந்நாட்டில் படைப்பதிவுத் திருத்தத்துக்கு மூன்றாண்டுக் கால எல்லை உண்டு. நீதியின் பொருட்டு அதைத் தளர்த்தலாம் என்ற விதியும் கூடவே உண்டு.

இந்தியாவில் சுதந்திரப் போராட்ட வீரர் ஓய்வூதியம் கேட்டவர்களிடம் சிறைச் சான்றிதழும் உடன் சிறையிருந்தவர்களின் சான்றும் கோரப்பட்டன. 1993இல் முகுந்த் லால் பண்டாரி வழக்கில், பிந்தி விண்ணப்பித்தது ஒருவரை நிராகரிக்கக் காரணமாகாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2001இல் குர்தியால் சிங் வழக்கில், குற்ற வழக்கில் எதிர்பார்க்கும் ஐயத்துக்கு இடமற்ற சான்றை இங்கே எதிர்பார்க்கக் கூடாது, நிகழ்ந்திருக்கும் என்று நம்பத்தக்க அளவு போதும் என்றது. கௌரவிப்பதற்காக ஏற்படுத்திய ஒரு திட்டம், அவமதிக்கும் குறுக்கு விசாரணையாக மாறிவிடக் கூடாது என்ற அக்கறை இந்தத் தீர்ப்புகளில் தெரிகிறது.

சான்று கேட்டே மனிதரை அவமதிக்க முடியும் என்பதை மலையகத் தமிழருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், முன்னோர் இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. எவரும் தராத, எவரும் பேணாத தாளைக் கேட்டதனால் இலட்சக்கணக்கானோர் நாடற்றவரானார்கள். மாத்தளையின் எல்கடுவையிலும் இறத்தோட்டையிலும் தேயிலைக்கும் இறப்பருக்கும் உழைத்தவர்களும் அதில் அடங்குவர். 2003ஆம் ஆண்டுச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இங்கு வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமையை வழங்கியபோதுதான் அந்த அநீதி பெருமளவு நீங்கியது. இல்லாத தாளைக் கேட்டு மனிதரைச் சிறுமைப்படுத்துவதன் வலியை அறிந்த சமூகம், அதே வலி இன்னொருவருக்கு, அவர் எந்தச் சீருடை அணிந்திருந்தாலும், நேரக் கூடாது என்று நினைப்பதே அறம்.

ஆனால் எல்லாக் கோரிக்கைகளுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. சேர்ந்த நாள், விலகிய நாள், பட்ட காயம், பங்குகொண்ட நடவடிக்கை, அதில் நின்ற எல்லோருக்கும் பொதுவாக வழங்கப்படும் பதக்கம் ஆகியவை நிகழ்வுகள். இவற்றில் சந்தேகத்தின் பலன் முதியவருக்கே போக வேண்டும். வீரச் செயலுக்கான பதக்கம் அப்படியல்ல. அது ஒருவரை மற்றவர்களிலிருந்து பிரித்து உயர்த்துகிறது. எனவே அங்கே கடுமையான விசாரணை வேண்டும். அவுஸ்திரேலியக் கடற்படையின் டெடி ஷீன், 1942 டிசம்பர் 1ஆம் திகதி மூழ்கிக்கொண்டிருந்த கப்பலில் துப்பாக்கியோடு தன்னைப் பிணைத்துக்கொண்டு சுட்டபடியே கடலில் அமிழ்ந்தபோது வயது பதினெட்டு. விக்டோரியா சிலுவை 2020இல்தான் வழங்கப்பட்டது. இடையில் ஒரு விசாரணை மறுத்தது, இன்னொன்று பரிந்துரைத்தது, அரசு நிராகரித்தது, பின்னர் நிபுணர் குழு ஒன்று மீண்டும் ஆராய்ந்தது. அத்தனை இழுபறி குடும்பத்துக்கு வேதனைதான். ஆனால் அந்த விருதின் மதிப்புக்கு அந்தக் கவனம் தேவைப்பட்டது. ஓய்வூதிய நாட்களைக் கணக்கிடும் சாதாரண விண்ணப்பத்துக்கும் அதே இழுபறியை விதிப்பதுதான் அநீதி.

திருத்தும் முறைக்கும் ஓர் ஒழுக்கம் உண்டு. முதலாம் உலகப் போரில் தப்பியோட்டம், கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகச் சுடப்பட்ட 306 பேருக்குப் பிரித்தானியா 2006இல் மன்னிப்பு வழங்கியது. பழைய தீர்ப்பின் பதிவை அது அழிக்கவில்லை. திருத்தம் என்பது பழைய வரியைச் சுரண்டியெடுப்பதாக இருக்கக் கூடாது. பழையது கிடக்கட்டும், பக்கத்தில் புதிய வரி, திகதியோடும் காரணத்தோடும் கையொப்பத்தோடும் ஏறட்டும். அப்போதுதான் திருத்தியவரும் பொறுப்புக்கூறுவார்.

போர் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை என்ற மூன்றாவது வாதத்துக்கான பதிலும் இங்கேதான் கிடைக்கிறது. ஒரு சிப்பாயின் சேவையைச் சரியாக எழுதுவது, அவர் நின்ற போரை நியாயப்படுத்துவதாகாது. சரியான பதிவேடு பெருமையை மட்டும் காட்டாது. யார் எந்த நாளில் எங்கே நின்றார், யாருடைய கட்டளையில் நின்றார் என்பதையும் காட்டும். தனக்குச் சாதகமான வரியைத் திருத்தக் கேட்பவர், பாதகமான வரி வெளிவருவதை மறுக்க முடியாது. சிப்பாயின் கோப்பைத் தேட முடிந்த அரசு, காணாமற்போனவரின் கோப்பைத் தேட முடியாது என்றும் சொல்ல முடியாது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும், அதே ஆண்டில் சட்டமாகிய காணாமற்போனோர் அலுவலகமும், இந்த நாட்டில் பதிவேடுகள் அரசின் தனிச்சொத்தல்ல என்ற ஒரே நியாயத்திலிருந்து பிறந்தவை. முதிய படைவீரரின் உரிமையும் பிள்ளையைத் தேடும் தாயின் உரிமையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இரண்டும், ‘என்னைப் பற்றி, என்னுடையவரைப் பற்றி, உண்மையை எழுது’ என்று அரசிடம் கேட்கும் உரிமையே.

நினைவைப் பாரபட்சமாகப் பங்கிடும்போது என்ன நேரும் என்பதற்கும் இந்நாட்டில் முன்னுதாரணம் உண்டு. போர்நிறுத்த நாளில் விற்கப்பட்ட பொப்பி மலர்களின் வருமானம் பெரும்பாலும் பிரித்தானிய முன்னாள் படையினருக்கே போனதை எதிர்த்து, இலங்கை முன்னாள் படையினருக்காக 1931இல் சூரிய மல் எனும் மலரின் விற்பனை தொடங்கியது. அது விரைவில் ஓர் ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக வளர்ந்தது. ஒரு சாராரை மட்டும் நினைக்கும் நினைவு, மற்றவர்களின் நெஞ்சில் கோபமாகவே தங்கும்.

ஆகவே முதலில் எழுந்த கேள்விக்கு விடை இரக்கமுமல்ல, சலுகையுமல்ல, உரிமைதான். அதை நடைமுறையாக்கப் பெரிய சட்டங்கள்கூடத் தேவையில்லை. விண்ணப்பித்தவரின் முழுக் கோப்பின் பிரதியும் முதலில் அவர் கையில், அவர் படிக்கும் மொழியில், கொடுக்கப்பட வேண்டும். கோப்பில் இடைவெளி இருந்தால் சம்பளப் பேரேட்டையும் வைத்தியசாலைக் குறிப்பையும் தேடும் வேலையைக் காரியாலயம் செய்ய வேண்டும். உடன் பணியாற்றியவரின் சத்தியக்கடதாசிக்கு உரிய மதிப்பளிக்க வேண்டும். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எண்பது வயதுக்காரரின் விண்ணப்பம் வரிசையின் முன்னால் நிற்க வேண்டும். இறந்த பிறகு வீட்டுக்கு வரும் பதக்கம் குடும்பத்துக்கு ஆறுதல் தரலாம். அந்த மனிதருக்கான கடனை அது தீர்க்காது. உயிரோடிருக்கும்போது கொடுக்கக்கூடியதை இறப்புவரை தள்ளிப்போடும் அரசு, தாமதத்தை மட்டும் செய்யவில்லை. தன் பிழையின் விலையைப் பிழை செய்யாதவர் தலையில் கட்டுகிறது.