எல்லை தாண்டி வாங்கிய வண்டியும் வரிக் கடனும்

ஒரு மாநிலத்தில் வாங்கிய வண்டியை இன்னொரு மாநிலத்தில் ஓட்டுபவர் எந்த மாநிலத்துக்கு வரி கட்டக் கடமைப்பட்டவர் என்ற கேள்வி சட்டத்தில் தொடங்கினாலும் சட்டத்தோடு முடிவதில்லை. வரி என்பது அரசின் வலிமைக்குப் பணிவதா, பெற்ற பயனுக்குத் தரும் கைம்மாறா, கள்ளாமை என்னும் அறத்தின் ஒரு கூறா? எதை ஏற்கிறோமோ அதைப் பொறுத்து விடையும் மாறும்.

சேலம், நாமக்கல் சமவெளியில் இந்தக் கேள்வி நாள்தோறும் எழுகிறது. ஓசூரில் தயாரான சேசிஸ், முன்கவுலும் சக்கரங்களுமாக, தற்காலிகப் பதிவு எண்ணோடு நாமக்கல் பட்டறைக்கு வந்து சேர்வது இங்கே பழகிய காட்சி. பலகையில் உட்கார்ந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, எதிர்காற்றை முகத்தில் வாங்கியபடி ஓட்டுநர் அதை ஓட்டி வருவார். பாடி கட்டி முடிந்ததும் அது கர்நாடகத்துக்கோ ஆந்திரத்துக்கோ போகலாம்; டி.என். 28 என்ற எண்ணோடு இங்கேயே தங்கலாம். திருச்செங்கோட்டின் ரிக் வண்டிகளோ ராஜஸ்தான் வரை போய் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. வாங்கிய இடம், பதிவான இடம், உழைக்கும் இடம் ஆகிய மூன்றும் வேறு வேறாக இருப்பது இத்தொழிலின் இயல்பு.

சரக்கு சேவை வரிக்கு முன்பு, 1956ஆம் ஆண்டின் மத்திய விற்பனை வரிச் சட்டப்படி மாநிலம் கடந்த விற்பனையின் வரி, பொருள் புறப்பட்ட மாநிலத்துக்கே போனது. புதுச்சேரியில் வரி குறைவு என்று அங்கே போய் வண்டி எடுத்தவர்கள் பலர். இந்த ஓட்டையை அடைக்கவே தமிழ்நாடு 1990இல் மோட்டார் வாகன நுழைவு வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வெளி மாநிலத்தில் ஏற்கெனவே கட்டிய விற்பனை வரியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் கேட்டது அந்தச் சட்டம். அந்தக் கழிவுதான் அதன் நேர்மை. கார், லாரிக்கு மட்டும் இந்தச் சிக்கல் வந்ததாக நினைக்க வேண்டாம். கேரளத்துக்குள் வெளியிலிருந்து கொண்டுவந்த எக்ஸ்கவேட்டரும் ரோடு ரோலரும்கூட மோட்டார் வாகனங்களே, நுழைவு வரிக்கு உட்பட்டவையே என்று 2001இல் போஸ் ஆபிரகாம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நுழைவு வரி அரசியல் சட்டத்தின் 301ஆம் பிரிவு தரும் வணிகச் சுதந்திரத்தைப் பறிக்கிறதா என்ற வாதத்துக்கு 2016இல் ஜிந்தால் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு விடை தந்தது: உள்ளூர்ப் பொருளுக்கும் வெளியூர்ப் பொருளுக்கும் பாகுபாடு காட்டாத வரி அந்தச் சுதந்திரத்தை மீறுவதாகாது.

2017 ஜூலை 1 முதல் கணக்கு தலைகீழானது. பொருள் போய்ச் சேரும் மாநிலத்துக்கே வரி என்பது சரக்கு சேவை வரியின் அடிப்படை. பெங்களூரு விற்பனையாளர் வண்டியை நாமக்கல்லுக்கு அனுப்பினால் ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரி விழும். அதில் மாநிலப் பங்கு தமிழ்நாட்டுக்கு வரும். 2025 செப்டம்பர் 22 முதல் லாரிக்கான வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. 30 லட்சம் ரூபாய் சேசிஸுக்கு வரி 5 லட்சத்து 40 ஆயிரம். அதில் பாதி, 2 லட்சத்து 70 ஆயிரம், எந்த மாநிலத்துக்கு என்பதே பிரச்சினை. வரிப் பதிவு உள்ள தொழில்காரர் பெங்களூரு ஷோரூமிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு கர்நாடக மாநில வரியைக் கட்டினால், அதைத் தன் தமிழ்நாட்டுக் கணக்கில் உள்ளீட்டு வரியாகக் கழிக்க முடியாது. வரிப் பதிவு இல்லாதவருக்கு 2023 அக்டோபர் 1 முதல் பில்லில் எழுதிய முகவரிதான் இடத்தைத் தீர்மானிக்கிறது.

நாடெங்கும் ஒரே விகிதம் என்பதால் சரக்கு சேவை வரியில் எல்லை தாண்டி மிச்சப்படுத்த ஒன்றுமில்லை. ஆசை வருவது சாலை வரியில். அது இன்னும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் கார்களின் ஆயுள் வரி விலைக்கேற்ப 12 முதல் 20 சதவீதம் வரை. அதனால் வேறு மாநிலத்தில் ஒரு வாடகை ஒப்பந்தத்தைக் காட்டி, தான் ஒரு நாளும் குடியிராத வீட்டைத் தன் முகவரி என்று எழுதிப் பதிவு செய்யும் வழக்கம் பரவியது. அறத்தின் கேள்வி உண்மையில் இந்த ஒரு தாளில்தான் இருக்கிறது.

திருக்குறளின் 756ஆம் பாட்டு அரசனுக்குரிய பொருள்களில் ஒன்றாக உல்குபொருளைச் சேர்க்கிறது. நீர்வழியும் நிலவழியும் வரும் பண்டங்களுக்கான சுங்கம் என்று பரிமேலழகர் அதை விளக்குகிறார். அதே வள்ளுவர் 552ஆம் பாட்டில், கோலைக் கையில் வைத்துக்கொண்டு குடிகளிடம் பொருள் கேட்கும் கொடிய அரசனை வேலோடு நிற்கும் வழிப்பறிக்காரனுக்கு ஒப்பிடுகிறார். எல்லையில் கேட்கும் வரி முறையானதும் ஆகலாம், கொள்ளையும் ஆகலாம். செங்கோன்மையே இரண்டையும் பிரிக்கிறது.

குடியின் பக்கக் கடமையை இதைவிட நுணுக்கமாக அளந்தது பௌத்தத் துறவிகளின் ஒழுக்க நெறியான விநயம். சேலம் மாவட்டம் தியாகனூரில் இன்றும் வழிபாட்டிலுள்ள பெரிய புத்தர் சிலைகள், அந்தச் சமயம் இச்சமவெளியில் வாழ்ந்ததற்குச் சான்று. விநய பிடகத்தில் களவு பற்றிய இரண்டாம் பாராஜிக விதி (மீறினால் துறவை இழக்கச் செய்யும் விதி) சுங்கச் சாவடியைத் தனியாக எடுத்துப் பேசுகிறது. ஐந்து மாசகம் என்னும் பழைய நாணய மதிப்போ அதற்கு மேலோ உள்ள வரிப்பொருளை மறைத்துக்கொண்டு ஒரு பிக்கு முதல் அடி எல்லை தாண்டினால் பெருங்குற்றம். இரண்டாம் அடியும் தாண்டினால் துறவே போயிற்று. சாவடிக்குள் நின்றபடி பொருளை வெளியே எறிந்தாலும் அதே தண்டனை. சாவடியைத் தவிர்த்துச் சுற்றிப் போனால் சிறு குற்றம். தன் பையில் வேறொருவர் மறைத்து வைத்ததை அறியாமல் கடந்தவருக்குக் குற்றமே இல்லை.

வரியை ஏமாற்றுவது அரசாணை மீறல் மட்டுமன்று, களவேதான் என்பது இவ்விதியின் துணிபு. சமணமும் இதையே சொல்கிறது: அரசின் தடையை மீறி எல்லை கடந்து வணிகம் செய்வதைத் தத்துவார்த்த சூத்திரம் கள்ளாமை நோன்பின் பழுதுகளில் ஒன்றாக வைக்கிறது. விநயத்தின் அளவுகோல் இன்றைக்கும் பொருந்தும். விலையும் வரியும் குறைந்த இடத்தில் உண்மையைச் சொல்லி வாங்குவதைச் சுற்றிப் போவதோடு சேர்க்கலாம். உயர்ந்த செயல் இல்லை, ஆனால் களவும் இல்லை. பொய் முகவரி எழுதுவது பொருளை மறைத்துக்கொண்டு சாவடி கடப்பது. முதலாளி வாங்கிய எண்ணின் கதை தெரியாமல் ஓட்டும் ஓட்டுநர், பையில் இருப்பதை அறியாத பிக்கு. ஆனால் செக்போஸ்டில் கைகட்டி நின்று ஏச்சு வாங்குபவர் அவர்தான்.

வரியை எதிர்த்து வழக்காடுவதும் பொய்யாகாது. வெளிநாட்டுக் காருக்கான நுழைவு வரியை எதிர்த்த திரைப்பட நடிகர் ஒருவரின் மனுவை 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தபோது, வரி நன்கொடையன்று, கட்டாயப் பங்களிப்பு என்று தனி நீதிபதி எழுதினார். அது சரியான கருத்து. ஆனால் மனுதாரரைக் கடிந்த வரிகளை 2022இல் டிவிஷன் பெஞ்ச் நீக்கியதும் சரியே. நீதிமன்றப் படியேறியவர் எதையும் மறைக்கவில்லை.

பயன்படும் இடத்துக்கே வரி என்ற கருத்து இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் கொலம்பியா ஆற்றின் கிராண்ட் கூலி அணையைக் கட்டிய ஒப்பந்தக்காரர்கள் வெளி மாநிலங்களில் இயந்திரம் வாங்கி வந்தார்கள். வாஷிங்டன் மாநிலம் 2 சதவீதப் பயன்பாட்டு வரி கேட்டது. 1937இல் உச்ச நீதிமன்ற நீதிபதி கார்டோசோ அதை ஏற்றார். வேறெங்கும் கட்டிய வரியை அது கழித்ததாலும், உள்ளூரில் வாங்கியவரைவிடக் கூடுதலாக எதுவும் கேட்காததாலும் அது நிலைத்தது. 1990இன் தமிழ்நாட்டுச் சட்டத்திலும் இதே நியாயம்தான். அரசின் கடன் இதுவே: ஒரே வண்டிக்கு இரண்டு முறை கேட்கக் கூடாது. சேலத்துச் சாலையைத் தேய்க்கும் டயருக்கு உரிய பங்கைச் சேலத்துச் சாலைக்குத் தருவது குடியின் கடன்.

இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டம் குடியின் இந்தக் கடனை நாட்கணக்கில் எழுதியிருக்கிறது. வண்டி வழக்கமாக நிற்கும் வீடோ தொழிலிடமோ உரிமையாளருக்கு எந்த மாநிலத்தில் உள்ளதோ அங்கேதான் பதிவு. வெளி மாநில வண்டி இங்கே 12 மாதத்துக்கு மேல் நின்றால் தடையில்லாச் சான்று பெற்றுப் புதிய எண் வாங்க வேண்டும். குடியிருப்பு மாறினால் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பொய்த் தகவல் தந்து பதிவு செய்பவருக்கு 2019 திருத்தப்படி 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறையும், சாலை வரியை வைத்துக் கணக்கிடும் அபராதமும் உண்டு.