வந்தேறி மரம்

கமுதி பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயைக் கண்மாய் என்று சொல்வது பழக்கதோஷம். உள்ளே கரைக்குக் கரை சீமைக்கருவேலம்தான். போன கோடையில் ஜேசிபி வந்து பிடுங்கத் தொடங்கியது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அப்பத்தா சொன்னார்: "எங்கிட்டிருந்து வந்த மரமோ, உங்கப்பனப் படிக்க வச்சது இதுதான்யா." மழை பொய்த்த வருடங்களில் கரிமூட்டம் போட்டுத்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது. கூட வந்த நண்பனுக்குப் பொறுக்கவில்லை. "வந்தேறி மரம் அப்பத்தா, ஒண்ணுகூட மிஞ்சக் கூடாது" என்றான்.

அந்தச் சொல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மரம் தானாக ஏறி வரவில்லை. மத்திய அமெரிக்காவிலும் கரீபியன் தீவுகளிலும் இருந்ததை, 1870களில் விறகுக்காகவும் வறண்ட நிலத்தைப் பச்சையாக்கவும் வெள்ளைக்கார அரசுதான் இங்கே கொண்டுவந்து நட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் விதை தூவினோம். ஆடுமாடுகள் நெற்றைத் தின்றன, சாணம் விழுந்த இடமெல்லாம் முளைத்தது. மரம் தன் வேலையைச் செய்தது, அவ்வளவுதான்.

அயல் என்பதே குற்றம் என்றால் அப்பத்தாவின் குழம்பையும் கொட்ட வேண்டும். மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. புளிக்குப் பூர்வீகம் ஆப்பிரிக்கா. அவற்றை யாரும் வந்தேறி என்று திட்டுவதில்லை. ஆக, எங்கிருந்து வந்தது என்பதல்ல, இங்கே என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

செய்வது சாதாரணத் தீங்கு இல்லை. வரத்துக்கால்களை அடைக்கிறது. அதன் அடியில் புல் சரியாக வளர்வதில்லை. கோடியக்கரையில் வெளிமான்களுக்குத் தேவையான திறந்த புல்வெளியை விழுங்குகிறது. இவ்வளவு போதாதா? போதவில்லை நமக்கு. காற்றின் ஈரத்தையே உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்றெல்லாம் வாட்ஸப்பில் கதை கட்டினோம். ஒரு பிரச்சினையைத் தீர்ப்பதைவிட ஒரு வில்லனை வெறுப்பது சுலபம். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை மரங்களை அகற்றச் சொன்னபோது பலரிடம் தெரிந்தது கிட்டத்தட்ட ஒரு போர்க்கள உற்சாகம்.

இதில் எனக்கு இரண்டு பயங்கள். ஒன்று, 'வந்தேறி' மரத்துக்கென்று உண்டான சொல் அல்ல. மனிதர்கள்மேல் எறிந்து எறிந்து பழகிய கல் அது. மரத்தின்மேல் எறியும்போது யாருக்கும் வலிப்பதில்லை, ஆனால் கை மட்டும் பழகிக்கொண்டே இருக்கிறது.

இன்னொன்று, வெறுப்புக்குப் பொறுமை கிடையாது. இந்த மரம் வெட்டிய கட்டையிலிருந்தே துளிர்க்கும். வேரோடு எடுத்தாலும் மண்ணில் விதை காத்துக்கிடக்கும். வருடக்கணக்கில் கன்றுகளைப் பிடுங்க வேண்டும், வேறு மரம் நட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். போட்டோ எடுத்துவிட்டுப் போகிறவர்களால் ஆகிற காரியமில்லை இது. கொண்டுவந்து விட்டவர்களின் வாரிசுகள் என்று நம்மை ஒப்புக்கொண்டால்தான் அந்தப் பொறுமை வரும். அதைப் பொறுப்பு என்பேன்.

பொறுப்பு என்று வந்துவிட்டால் கணக்கும் கேட்க வேண்டும். கொண்டுவந்தது அரசு. அகற்றும்போது இழப்பவர்கள் யார்? சொந்த நிலம் இல்லாமல் கரியை நம்பிப் பிழைப்பவர்கள். ஒரு தவறைத் திருத்தும் செலவை, அதில் பங்கே இல்லாதவன் தலையில் கட்டுவது இன்னொரு தவறு.

கண்மாயில் மரம் போகத்தான் வேண்டும். அப்பத்தாவுக்கும் அதில் மறுப்பில்லை. "வெட்டட்டும்யா, தண்ணி நிக்கட்டும். வெள்ளாம வர்ற வரைக்கும் மூட்டம் போடுற சனம் என்ன செய்யும்?" என்று கேட்டார்.

நண்பனிடம் பதில் இல்லை. என்னிடமும்தான்.