ஒப்புக்கொண்டால் போதுமா?

‘சங்கத்தில் சேரமாட்டேன்’ என்று எழுதிக் கொடுத்தால்தான் வேலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ரயில் கம்பெனிகளும் சுரங்க முதலாளிகளும் இப்படி எழுதி வாங்கினார்கள். ‘மஞ்சள் நாய் ஒப்பந்தம்’ என்பது அதற்கு வழங்கிய ஏளனப் பெயர். கான்சாஸ் மாநிலம் இந்த வழக்கத்தைக் குற்றமாக்கியது. 1915இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. வழக்கின் மையத்தில் இருந்தவர் ஒரு ரயில்வே பாயிண்ட்ஸ்மேன். சங்கத்தை விட்டால் 1,500 டாலர் காப்பீடும் கைநழுவும் நிலையில் அவர் கையெழுத்திட மறுத்தார், வேலை போயிற்று. சொத்தில் ஏற்றத்தாழ்வு உள்ளவரை பேரத்திலும் அது இருக்கவே செய்யும், அதைக் காரணம் காட்டி ஒப்பந்தச் சுதந்திரத்தில் அரசு கைவைக்கலாகாது என்பது நீதிபதிகளின் வாதம்.

இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. கை தாழ்ந்தவர் செய்யும் ஒப்பந்தமெல்லாம் செல்லாது என்றால், ஏழை போடும் வாடகை ஒப்பந்தம்கூட நிற்காது. ஆகவே சங்கத் தடையை எதிர்ப்பவர் ஏற்றத்தாழ்வை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. கொடுத்த வாக்குக்கு ஏன் கட்டுப்பட வேண்டும் என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். சுதந்திரமாகக் கொடுத்தது என்பதால்தானே? ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் இதை வைத்துத்தான், ஒருவர் தன்னையே அடிமையாக விற்கும் ஒப்பந்தத்தை மறுத்தார்: சுதந்திரத்தின் பெயரால் சுதந்திரத்தையே துறக்க முடியாது. சங்கத் தடை அடிமைத்தனம் அல்ல. ஆனால் அதே முரண் இதிலும் உண்டு. கூலி, வேலை நேரம், விடுப்பு எல்லாம் பேரத்தின் விளைவுகள். சங்கமோ பேரம் பேசுவதற்கான வழி. அதை எழுதிக் கொடுப்பவர் இன்றைய பேரத்தோடு நாளைய பேரங்களையும் சேர்த்துத் தோற்கிறார். சோஷலிசத்தைக் கடுமையாக எதிர்த்த போப் பதின்மூன்றாம் லியோவும் 1891ஆம் ஆண்டுச் சுற்றுமடலில், சங்கம் சேர்வது மனிதரின் இயற்கை உரிமை என்றும், தேவையின் நெருக்கடியில் ஒப்புக்கொண்ட கூலி அதனாலேயே நியாயமாகிவிடாது என்றும் எழுதினார்.

பிடிக்காவிட்டால் வேறு வேலை தேடலாமே, இது இருவருக்கு இடையிலான விஷயம்தானே என்பார்கள். இருவரோடு அது நிற்கவில்லை. 1917இல் மேற்கு வர்ஜீனியாச் சுரங்கக் கம்பெனி ஒன்றின் வழக்கில், தொழிலாளிகள் கொடுத்த இந்த வாக்கைக் காட்டியே சங்க அமைப்பாளர்கள் அவர்களை அணுகித் திரட்டுவதற்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. கம்பெனி அந்தத் தொழிலாளிகளை எந்த நாளும் வேலையிலிருந்து நீக்கலாம். வெளியார் வந்து அவர்களைச் சங்கத்தில் சேர்க்கக் கூடாது! சென்னையில் நடந்ததும் இதற்குத் தூரமில்லை. பக்கிங்காம் கர்நாடிக் மில் கதவடைப்பின்போது, தொழிலாளர்களை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்று பி.பி. வாடியா முதலிய சங்கத் தலைவர்கள் மீது உயர் நீதிமன்றத்தில் தடையுத்தரவு பெறப்பட்டது. அத்தகைய வழக்குகளிலிருந்து பதிவுபெற்ற சங்கங்களுக்குப் பாதுகாப்பு தந்தது 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம்.

இன்னொரு கேள்வி கூர்மையானது. உறுப்பினரானால்தான் வேலை என்று சங்கம் நிபந்தனை போட்டால் மட்டும் சரியா? சரியல்ல. சங்கத்தில் சேர மறுத்து வேலையிழந்த பிரிட்டிஷ் ரயில்வே ஊழியர்களுக்கு ஆதரவாக 1981இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சேரும் முடிவு தொழிலாளியுடையது என்ற கொள்கை இரு பக்கமும் வெட்டும். தொழில் ரகசியம் காக்க வேண்டாமா என்றால், ரகசியத்தை வெளியிடுவதைத் தடுக்கலாம். அதற்கு உறுப்பினர் அட்டையைத் தடுப்பது வேண்டாத வேலை.

1932இல் அமெரிக்க நாடாளுமன்றம் இந்த ஒப்பந்தங்களை மத்திய நீதிமன்றங்களில் செல்லுபடியாகாதவை ஆக்கியது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1949ஆம் ஆண்டு உடன்படிக்கையும் இத்தகைய நிபந்தனையை மறுக்கிறது. இவற்றால் முதலாளி நியாயமாக வைத்திருந்த எதையும் இழக்கவில்லை. சங்கத்தின் கோரிக்கையை மறுக்கும் உரிமை இன்றும் அவரிடம் இருக்கிறது. கோரிக்கையே எழாதபடி முன்கூட்டி எழுதி வாங்கும் அதிகாரம்தான் போயிற்று.