மயிலா? சூரனா?

நம்ம அப்பன் ஏறிவரும் மயில் யாரு? ஆணவத்துல ஆடின அதே சூரபத்மன்தான். வேல் பிளந்த பிறகுதான் அந்த பலம் வாகனமாச்சு.

2017 மார்ச்சில் சென்னை சாந்தோம் பக்கம் கார் பந்தய வீரர் அஸ்வின் சுந்தரின் பி.எம்.டபிள்யூ மரத்தில் மோதித் தீப்பிடித்தது. அவரும் மனைவியும் உள்ளேயே போயிட்டாங்க. பந்தயத்துல கைதேர்ந்தவருங்க அவர்! பந்தயத் தடத்துல எதிர்ல யாரும் வரமாட்டாங்க, ஓரத்துல டயர் அடுக்கி வச்சிருப்பாங்க. ரோட்டுல மரம்தானே இருக்கு? வேகம் இரட்டிப்பானா, பிரேக் பிடிச்சு நிக்கிற தூரம் நாலு மடங்காகும். கோடி ரூபாய் காருக்கும் இதே கணக்குதான்.

பௌர்ணமிக்கு நம்ம பசுமலை வழியா திருப்பரங்குன்றம் கிரிவலத்துக்கு நடந்து போற அம்மாக்களைப் பாருங்க. பின்னாடி நீங்க சீறிட்டு வரும்போது, அவங்களுக்கு நீங்க மயிலா, சூரனா?